பூனை, நாயைத் தத்துக் கொடுக்கும் முன்பே கருத்தடையா, செய்வதாக எழுதி வாங்கிக்கொண்டு பிறகா?

பூனைக்குட்டி என்றால் முதல் வழியே சரி. 8 வாரமாகி, எடை 1 கிலோவைத் தொட்டிருந்தால் ஆரோக்கியமான குட்டிக்கு அறுவை செய்யலாம். சின்ன உடம்பில் சர்க்கரையும் சூடும் சட்டென இறங்கிவிடும். அதனால் இரவு முழுக்கப் பட்டினி போடக் கூடாது. 2 முதல் 4 மணி நேரம் போதும். மேசையில் வெதுவெதுப்பான விரிப்பு, மயக்கம் தெளிந்ததும் கொஞ்சம் உணவு. இவை தவறினால்தான் குட்டி சோர்ந்து விழும்.

எழுதி வாங்குபவர்கள் வழக்கமாக "6 மாதத்துக்குள்" என்று போடுகிறார்கள். சிக்கல் அங்கேதான். பெண் பூனை 4 மாதத்திலேயே சினைப் பருவத்துக்கு வரலாம். சினைக்காலம் சுமார் 9 வாரம். கெடு முடிவதற்குள் சினையாகி, ஈனும் நிலையையும் நெருங்கிவிடலாம். நாள், மருத்துவமனை, திருப்பித் தரும் முன்பணம் மூன்றையும் எழுத்தில் வையுங்கள். கலிபோர்னியாவில் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிய மாவட்டங்களில் காப்பகங்கள் கருத்தடை செய்தே கொடுக்க வேண்டும். உடல்நிலை இடம் தராத விலங்குக்கு மட்டும் 40 முதல் 75 டாலர் வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு தள்ளிவைக்கலாம்.

பெரிய நாய்களுக்குக் கதை வேறு. கோல்டன் ரெட்ரீவருக்கு 1 வயதுக்கு முன் செய்தால் மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுகிறது. அங்கே ஒப்பந்தமே நல்லது, ஆனால் பெண் நாயைக் கயிறில்லாமல் வெளியே விடாதவரிடம் மட்டும்.

எந்த வழியானாலும் 10 முதல் 14 நாள் காயத்தை நக்கவிடாமல் கூம்பு வடிவக் கழுத்துப்பட்டை போடுங்கள். ஆண் விலங்கை ஒரு மாதமாவது பெண்ணிடமிருந்து பிரித்து வையுங்கள். அறுவைக்குப் பிறகும் சில வாரம் சினைப்படுத்த முடியும்.