பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்? ஐந்தைப் போட்டுப் பார்த்து ஒன்றில் நின்ற கதை

அப்பாவின் லேப்டாப் 2012இல் வாங்கியது. மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இதில் கிடையாது, இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பதை அது திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. கீபோர்டு இன்றைய மெல்லிய லேப்டாப்களில் வருவதைவிட எவ்வளவோ மேல். இதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, அதனால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ். எந்த லினக்ஸ் என்று முடிவு செய்வதற்குள் இரண்டு சனி ஞாயிறு போய்விட்டது.

டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸின் வெவ்வேறு பதிப்புகள், பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பது சுற்றும் தட்டு உள்ள ஹார்டு டிஸ்க்கா, சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியா என்று முதலில் பாருங்கள். ஹார்டு டிஸ்க் என்றால் நீங்கள் எதைப் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பூட் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்க வேண்டியிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் அந்த ஊசி அங்கேயும் இங்கேயும் ஓட வேண்டும், தட்டு சுற்றி வரும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத்தான் நாம் "லேப்டாப் ஸ்லோ" என்கிறோம். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி அதே இடத்தில் அப்படியே உட்காரும், கழற்றி மாட்ட வேண்டியது நாலைந்து ஸ்க்ரூதான். நான் முதலில் பழைய டிஸ்க்கிலேயே மூன்று டிஸ்ட்ரோவைப் போட்டுப் பார்த்து மூன்றையும் திட்டிவிட்டு, அப்புறம் எஸ்எஸ்டி மாட்டி எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பித்தேன். அந்த முதல் சனிக்கிழமை முழுக்க வீண்.

இன்னொன்று, ப்ராசஸர் 64 பிட்டா என்பது. கோர் 2 டுவோ மாதிரிப் பழையதும் 64 பிட்தான், கவலையில்லை. பழைய நெட்புக் ஆட்டம் சிப்களில் சில 32 பிட் மட்டும். அவற்றுக்கு வழி குறுகிக்கொண்டே வருகிறது. 2025இல் வந்த டெபியன் 13இல் 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது.

சரி, போட்டுப் பார்த்தவை. வென்டாய் என்ற மென்பொருள் போட்ட ஒரு பென்டிரைவில் ஐந்து டிஸ்ட்ரோக்களின் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்வதற்கான) கோப்புகளையும் அப்படியே காப்பி செய்துவிட்டால், பூட் ஆகும்போது எது வேண்டும் என்று அதுவே கேட்கும். ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பென்டிரைவ் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆன்டிஎக்ஸ்தான் இருப்பதிலேயே இலேசு. டெபியனை அடிப்படையாகக் கொண்டது, பல லினக்ஸ்களில் பூட் வேலைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி கிடையாது, ஐஸ்டபிள்யூஎம் என்ற சின்ன விண்டோ மேனேஜரில் ஓடுகிறது. எதையும் திறக்காமல் சும்மா விட்டால் ரேமில் 200 எம்பி சுற்றித்தான் நின்றது. எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "என்னடா இது, ரயில்வே கவுன்டர் ஸ்க்ரீன் மாதிரி இருக்கு" என்றார். அத்தோடு அது போனது. 1 ஜிபி ரேம் மெஷின் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் யோசிக்காமல் இதைப் போடலாம்.

லுபுண்டுவும் இலேசுதான், எல்எக்ஸ்க்யூட்டி டெஸ்க்டாப் பார்க்கவும் சுத்தமாக இருக்கிறது. என்னைத் தயங்க வைத்தது இரண்டு விஷயம். லுபுண்டு சேர்ந்த உபுண்டு குடும்பத்தில் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் வடிவில், அதாவது தனக்கு வேண்டியதையெல்லாம் தானே சுமந்து வரும் பொதியாக, வருகிறது, பழைய மெஷினில் முதல் தடவை திறக்க அது எடுத்துக்கொள்ளும் நேரம் எரிச்சல் தரும். இன்னொன்று ஆதரவுக் காலம், லுபுண்டு மாதிரியான கிளைப் பதிப்புகளுக்கு மூன்று வருடம்தான், 24.04 என்றால் 2027 ஏப்ரலோடு சரி. அதற்குள் நான் மறுபடி உட்கார வேண்டும். அப்பாவின் லேப்டாப்பில் அடிக்கடி கை வைக்காமல் இருப்பதுதானே என் நோக்கமே.

டெபியனைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. 12ஆம் பதிப்பிலிருந்து வைஃபைக்கான ஃபர்ம்வேரும் இன்ஸ்டாலரோடு சேர்ந்தே வருவதால் பழைய தலைவலி பாதி தீர்ந்தது. ஆனால் தெரிந்தவர்களுக்கான சாமான் அது. இன்ஸ்டால் செய்யும்போது ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்டு ஒன்று கொடுத்துத் தொலைத்தீர்கள் என்றால், நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை ஓட்டும் சூடோ வேலை செய்யாது, ஏன் என்று தெரியாமல் புது ஆள் முழிக்க வேண்டியதுதான். எம்எக்ஸ் லினக்ஸ் அந்த டெபியனையே எளிதாக்கித் தருகிறது, அதன் கருவிகள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. டாஸ்க்பார் மட்டும் இடது ஓரத்தில் நட்டுக்குத்தலாக நிற்கும், கீழே இறக்கிக்கொள்ளலாம். மின்ட் இல்லாவிட்டால் இதைத்தான் போட்டிருப்பேன்.

கடைசியில் நின்றது லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான டெஸ்க்டாப்போடு வரும் பதிப்பு. சின்னமன் பதிப்பு பார்க்க இன்னும் அழகு, ஆனால் 4 ஜிபியில் அந்த அழகுக்காக ரேமைச் செலவழிக்க எனக்கு இஷ்டமில்லை. மின்ட்காரர்கள் சொல்லும் கணக்கு 2 ஜிபி ரேம் குறைந்தபட்சம், வசதியாக ஓட 4 ஜிபி. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு, ஸ்னாப் கிடையாது, ஃபயர்பாக்ஸ் சாதாரணப் பேக்கேஜாகவே வருகிறது. மெனு கீழே இடது மூலையில், கடிகாரம் வலது மூலையில். விண்டோஸிலிருந்து வருகிறவருக்குப் புதிதாகப் படிக்க எதுவும் இல்லை. அப்பா கேட்ட ஒரே கேள்வி, "படம் போட்ட அந்தப் பழைய வால்பேப்பர் எங்கே?"

இன்ஸ்டால் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் வைஃபையைக் காணோம். லைவில், அதாவது இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே, ஓட்டும்போதே வைஃபை, சவுண்டு, கேமரா, மூடியை மூடினால் தூங்குகிறதா என்றெல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான், அவசரத்தில் நானே பார்க்கவில்லை. சில வைஃபை சிப்களுக்கு டிரைவர் தனியாகப் போட வேண்டும். அந்த டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். நல்ல கூத்து. போனை யூஎஸ்பி கேபிளில் செருகி போனின் இன்டர்நெட்டைப் பகிரும் டெதரிங்கை ஆன் செய்தேன், மின்ட் அதை நெட்வொர்க் கேபிள் மாதிரி உடனே எடுத்துக்கொண்டது. டிரைவர் மேனேஜரைத் திறந்து, அது காட்டியதைத் தேர்ந்தெடுத்து, ரீஸ்டார்ட் செய்ததும் வந்துவிட்டது. கட்டளை தட்டும் டெர்மினல் பக்கமே போகவில்லை.

இப்போது உண்மையான எதிரிக்கு வருவோம், பிரவுசர். சிஸ்டம் 800 எம்பியில் நின்றால் என்ன, ஃபயர்பாக்ஸில் ஆறு டேப் திறந்ததும் மிச்சம் இருப்பதையெல்லாம் அது எடுத்துக்கொள்கிறது. எந்த டிஸ்ட்ரோ இலேசு என்று சண்டை போடுபவர்கள் இதைச் சொல்வதில்லை, டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ மிச்சமாகும் சில நூறு எம்பியை இரண்டு டேப் தின்றுவிடும். யூடியூப் ஓட்டினால் ஃபேன் அலறியது வேறு. காரணம் இதுதான்: யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 வடிவங்களில் வீடியோவை அனுப்புகிறது, மூன்றாம் தலைமுறை இன்டெல் கிராஃபிக்ஸுக்கு அவற்றைப் பிரித்துக்காட்டும் ஹார்டுவேர் வசதி கிடையாது, யூடியூப் அனுப்புவதில் அதற்கு எச்.264 மட்டும்தான் தெரியும். அதனால் வேலை முழுக்க ப்ராசஸர் தலையில் விழுகிறது. யூடியூபை எச்.264லேயே அனுப்ப வைக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் பிரவுசரில் போட்டேன், அலறல் நின்றது. இசட்ரேமையும் போட்டுவிட்டேன், நினைவகத்தின் ஒரு பகுதியைச் சுருக்கி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு, 4 ஜிபியில் இது நன்றாகவே உதவுகிறது.

தமிழ் பற்றி. காட்டுவதில் பிரச்சினையே இல்லை. எழுத, பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸும் அதற்கான எம்17என் பேக்கேஜும் போட்டால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய டைப்ரைட்டர் முறை எல்லாம் வரிசையாகக் கிடைக்கின்றன. அப்பா டைப்ரைட்டிங் படித்தவர், அவருக்கு அந்தப் பழைய முறைதான் கை வரும், பட்டியலில் அதைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம். ஆனால் அவருடைய பழைய கடிதங்கள் எல்லாம் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும் பழைய பாமினி ஃபான்ட்டில் அடித்தவை. லிப்ரே ஆபிஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது, பாமினியில் புள்ளிக்கு அரைப்புள்ளிதான் குறி. பழைய டிஸ்க்கிலிருந்து அந்த ஃபான்ட் கோப்பை எடுத்து ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் மறைவான ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டதும் கடிதங்கள் திரும்ப வந்தன. விண்டோஸை அழிப்பதற்கு முன்னால் அதன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மறக்காமல் காப்பி எடுத்து வையுங்கள்.

குறைகள் என்றால், எக்ஸ்எஃப்சிஇயின் செட்டிங்ஸ் இருபது சின்ன ஜன்னல்களாகப் பிரிந்து கிடக்கிறது, எது எங்கே என்று முதல் வாரம் தேட வேண்டும். எம்எஸ் ஆபிஸ், போட்டோஷாப் இல்லாமல் பிழைப்பு ஓடாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். டைம்ஷிஃப்ட் மின்ட்டோடு வருகிறது, ஏதாவது கெட்டுப்போனால் நேற்றைய நிலைக்குச் சிஸ்டத்தைக் கொண்டுபோகும், அருமையான சாமான், ஆனால் 120 ஜிபி எஸ்எஸ்டியில் அதை இஷ்டத்துக்கு விட்டால் இடம் முழுக்க அதுவே பிடித்துக்கொள்ளும். நான் இரண்டு ஸ்னாப்ஷாட்டுக்கு (அது எடுத்து வைக்கும் சிஸ்டத்தின் நகல்) மேல் வைக்காதே என்று சொல்லிவிட்டேன். கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க்கையும் ஒரு யூஎஸ்பி கேஸில் மாட்டி, லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மட் செய்து டைம்ஷிஃப்டுக்கே விட்டிருக்கிறேன், மெதுவாக ஓடினாலும் இந்த வேலைக்கு அது போதும்.