வெளுத்துப்போன ஜெல்கோட்: தேய்ப்பதா, பூசுவதா, பெயின்ட் அடிப்பதா?

ஃபைபர் படகின் பக்கவாட்டில் விரலை வைத்து இழுத்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா? படகின் வெளிப்பூச்சான ஜெல்கோட் வெயிலில் சிதைந்திருக்கிறது. அது நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின்தான். புற ஊதாக் கதிர் வருடக்கணக்கில் பட்டு மேல்பரப்பு பொடிந்துபோகிறது. அடியில் நல்ல சரக்கு மிச்சமிருக்கும். ஆனால் மொத்தக் கனமே அரை மில்லிமீட்டர் அளவுதான். அதில் எவ்வளவைச் செலவழிக்கிறோம் என்பதை வைத்தே நான் ஒவ்வொரு வழியையும் எடைபோடுவேன்.

பொடியின் மேலேயே வாக்ஸ் போடுவதைப் பற்றிப் பேச அதிகமில்லை. சில வாரம் பளபளக்கும், அவ்வளவுதான்.

பெரும்பாலான படகுகளுக்கு என் முதல் தேர்வு, காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசையைப் போட்டு மெஷினில் பஃபிங் செய்வது. அதற்கு முன் ஒரு சோதனை: தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரத்தில் பழைய நிறம் திரும்பினால் காம்பவுண்டே போதும். படகைக் கழுவி, பழைய வாக்ஸை எடுத்துவிட்டு, இரண்டடிக்கு இரண்டடியாக வேலை செய்யுங்கள். நிழலில்தான், வெயிலில் காம்பவுண்ட் நொடியில் காய்ந்து இறுகிவிடும். நீலப் படகைத் தேய்த்தால் கம்பளி பேடும் நீலமாகும். பயப்பட வேண்டாம், செத்துப்போன மேல்தோல்தான் அது. பயப்பட வேண்டியது விளிம்புகளிலும் மூலைகளிலும். சுற்றும் மெஷின் அங்கே கொஞ்சம் நின்றாலும் ஜெல்கோட் தேய்ந்து ஃபைபர் தெரிந்துவிடும். புதிதாகப் பழகுகிறவருக்கு ஆடிச் சுற்றும் டூயல் ஆக்‌ஷன் மெஷினே நல்லது. நேரம் பிடிக்கும், ஆனால் சுழல் கீறல் குறைவு. அப்புறம் பாலிஷ், அதன்மேல் வாக்ஸ். இந்தக் கடைசிப் படியை விட்டால் அடுத்த கோடையிலேயே மறுபடி பொடி விரலில் ஒட்டும்.

ஈரத்திலும் நிறம் திரும்பவில்லை என்றால் வாட்டர் பேப்பர். நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும்; 800, 1000, 1500, 2000 என்று ஏறி, கடைசியில் காம்பவுண்ட். எடுத்ததும் 600 நம்பரில் இறங்குவது ஜெல்கோட்டுக்கு வீண் செலவு. கையால் அழுத்தினால் விரல் தடம் பள்ளமாக விழும், ரப்பர் பிளாக் அவசியம். பலன் அபாரம்தான், ஆனால் வருடா வருடம் செய்கிற வேலையில்லை.

அக்ரிலிக் பூச்சுகள் இதற்கு நேரெதிர். துணியால் நாலைந்து மெல்லிய கோட், அரை நாளில் கண்ணாடி மாதிரி மினுங்கும். ஜெல்கோட்டும் குறையாது. சரி, பிறகு? பராமரிக்காமல் விட்டால் மஞ்சளடித்து, செதில் செதிலாக உரியும். அதை ஸ்ட்ரிப்பர் என்கிற பூச்சு நீக்கும் ரசாயனம் போட்டு எடுப்பது, பஃபிங்கைவிடப் பெரிய தண்டனை. விற்கப்போகிற படகுக்கு வேண்டுமானால் ஆகும், வாங்குகிறவர் பாடு!

ஃபைபரின் நெசவு வெளியே தெரிகிற நிலையில் தேய்க்க ஒன்றுமில்லை. இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்ட்தான். புது ஜெல்கோட் அடிக்கலாமே என்பார்கள். சாதாரண ஜெல்கோட்டின் மேல்பரப்பு காற்றுப் பட்டால் முழுசாக இறுகாது, அதற்கு வாக்ஸ் கலக்க வேண்டும். அடித்த பிறகு முழுப் படகையும் தேய்த்து மட்டம் பார்க்க வேண்டும். பெயின்ட் அந்த வேலையை மிச்சப்படுத்துகிறது. ஆனால் அதை ஸ்ப்ரே செய்யும்போது வரும் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும். தூசி முகமூடி உதவாது, வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும். அது இல்லாதவர் ரோலரால் உருட்டி, பின்னாலேயே பிரஷ்ஷால் நீவிவிடலாம்.

எந்த வழியானாலும், தளத்தில் கால் வழுக்காமலிருக்க வைத்திருக்கும் சொரசொரப்பை விட்டுவிடுங்கள். அங்கே பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும், சாதா வாக்ஸ் கூடவே கூடாது.