ஆஸ்துமா: ரத்தத்தைப் பார்ப்பதா, சளியைப் பார்ப்பதா, மூச்சைப் பார்ப்பதா?

ஆஸ்துமா என்று ஒரே பெயர் சொன்னாலும் மூச்சுக்குழாயில் வீக்கத்தைக் கிளப்பும் அணு எல்லாருக்கும் ஒன்றல்ல. பலருக்கு அது ஈஸினோபில் என்ற வெள்ளை அணு. சிலருக்கு நியூட்ரோபில். முதல் வகைக்கு ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கும், இரண்டாவதற்கு அவ்வளவாகக் கேட்காது. அதனால் ஆள் எந்த வகை என்று பார்ப்பது வெறும் ஆராய்ச்சி ஆர்வம் இல்லை.

நேரடியான வழி சளிப் பரிசோதனைதான். உப்புநீர் ஆவியை இழுக்க வைத்து, இருமித் துப்பும் சளியில் அணுக்களை எண்ணுவார்கள். 2 சதவீதத்துக்கு மேல் ஈஸினோபில் இருந்தால் கணக்கில் எடுக்கிறார்கள். இதன் அருமையை, ஈஸினோபிலைக் குறைக்கும் மெப்போலிசுமாப் ஊசியின் கதை காட்டியது. ஆஸ்துமாக்காரர்களை வகை பிரிக்காமல் போட்டுப் பார்த்த 2007 ஆய்வில் பெரிய பலன் இல்லை. சளியில் ஈஸினோபில் உள்ளவர்களாகப் பொறுக்கி எடுத்த 2009 ஆய்வுகளில் அதே மருந்து நோய் திடீரென்று முற்றுவதைக் குறைத்தது. ஆனால் எல்லாராலும் சளி துப்ப முடியாது. எண்ணத் தெரிந்த ஆய்வகமும் வேண்டும்.

இந்த இடத்தில்தான் ரத்தம் முந்துகிறது. 2012இல் வந்த பெரிய ஆய்வில், யாருக்கு இந்த ஊசி பலிக்கும் என்பதை ரத்தத்தில் உள்ள ஈஸினோபில் எண்ணிக்கையே காட்டிவிட்டது. செலவும் கம்மி. ஒன்று கவனியுங்கள்: ரிப்போர்ட்டில் சதவீதத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. 5 சதவீதம் என்றால், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் மொத்த வெள்ளை அணு 5,000 உள்ளவருக்கு 250, 12,000 உள்ளவருக்கு 600. மருத்துவர்கள் பார்ப்பது இந்த எண்ணிக்கையைத்தான். 150, 300 ஆகியவை வழக்கமான எல்லைகள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தால் எண்ணிக்கை மளமளவென்று இறங்கிவிடும். காலையில் குறைந்தும் இரவில் கூடியும் இருக்கும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து 'ஈஸினோபில் வகை இல்லை' என்று நான் முடிவு கட்டமாட்டேன்.

ரத்த நியூட்ரோபில் எண்ணிக்கை ஆஸ்துமாவுக்கு அதிகம் உதவாது. காய்ச்சல் வந்தாலும் ஏறும், ஸ்டீராய்டு எடுத்தாலும் ஏறும்.

ஈஸினோபில் வகை வீக்கத்தில் மூச்சில் பெரும்பாலும் கூடும் நைட்ரிக் ஆக்சைடை அளக்கும் ஃபீனோ கருவி சுலபம், ஊசிக் குத்தல் கிடையாது. ஆனால் புகைபிடிப்பவருக்குக் குறைத்துக் காட்டும். ரத்தத்தில் ஐஜிஈ என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவு ஒவ்வாமையைச் சொல்லும், ஓமலிசுமாப் என்ற இன்னொரு ஆஸ்துமா ஊசிக்கு அளவு கணக்கிட உதவும். அதற்கு மேல் இல்லை.

சரி, என் ஓட்டு எதற்கு? முதலில் ரத்தம், முடிந்தால் கூடவே ஃபீனோ. ரத்தமும் மூச்சும் ஒத்துப்போகாமல் குழப்பினால் மட்டும் சளி.

நம் ஊர்ப்பக்கம் ஒரு சிக்கல் உண்டு. ஈஸினோபில் ஏறியதற்கு ஆஸ்துமாதான் காரணமென்று இல்லை. வயிற்றுப் புழுவும் ஏற்றும். யானைக்கால் புழு உள்ள பகுதிகளில் இரவெல்லாம் இருமலும் இழுப்புமாக வருபவருக்கு எண்ணிக்கை 3,000ஐத் தாண்டினால், வெப்பமண்டல நுரையீரல் ஈஸினோபிலியாவைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு இன்ஹேலர் போதாது, யானைக்கால் புழுவுக்கான டிஇசி மாத்திரை வேண்டும். அப்புறம், ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் என்ற குடற்புழு இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.