ஏழு நாளில் கண் பயிற்சி ஆசிரியர்: கொடைக்கானலில் சேர்ந்து பார்த்தேன்

முப்பது வருடம் விசில் ஊதிய பி.டி. மாஸ்டர் நான். போன வருடம் ரிட்டயர் ஆனேன். பெருமாள்மலை வீட்டில் சும்மா உட்காரக் கை கால் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் ஏழு ரோட்டில் ஒரு டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் பார்த்தேன்: கண்ணாடி இல்லாமல் பார்வை, ஆசிரியர் பயிற்சி, 7 நாள், மதியச் சாப்பாட்டோடு 14,000 ரூபாய். சோடாபுட்டி போட்ட பிள்ளைகள் பந்தைக் கோட்டைவிட்டு முழிப்பதைப் பார்த்துப் பார்த்து நொந்தவன், சேர்ந்துவிட்டேன்.

மொத்தம் ஒன்பது பேர். நியூயார்க் கண் மருத்துவர் வில்லியம் பேட்ஸ் 1920-இல் வெளியிட்ட புத்தகம்தான் அடிப்படைப் பாடம். விழிக்கு வெளியே இருக்கும் தசைகள் இறுகுவதால்தான் பார்வை கெடுகிறது, தளர்த்தினால் கண்ணாடி வேண்டாம் என்பது அவர் கட்சி. உள்ளே இருக்கும் லென்ஸ்தான் வளைந்துகொடுக்கிறது, விழி நீண்டுபோவதால்தான் பெரும்பாலும் கிட்டப்பார்வை வருகிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்களே என்று கேட்டேன். “சார், அது கண்ணாடிக் கம்பெனிக்காரங்க சொல்றது” என்றார் பயிற்சியாளர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பாமிங், அதாவது உள்ளங்கையால் கண்ணைப் பொத்தி ஓய்வு கொடுப்பது, அதைச் சொல்லிக்கொடுத்த விதத்துக்கு முழு மார்க் தருவேன். குளிரில் விறைத்த கைகளைச் சூடு பறக்கத் தேய்த்து, முழங்கையைத் தலையணையில் ஊன்றி, உள்ளங்கையைக் குழித்து, விழியில் படாமல் பொத்த வேண்டும். செய்வது சுலபம், பிறரைச் செய்யவைப்பதுதான் கஷ்டம். ஆளுக்கு இருபது நிமிடம் வகுப்பெடுக்க வைத்தார்கள். என் முறை வந்தபோது மைதானக் குரலில் “கண்ணை மூடு!” என்றேன். எட்டுப் பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. பழனியிலிருந்து வந்திருந்த தையல்கார அம்மா, “மாஸ்டர், தாலாட்டுற மாதிரி சொல்லுங்க” என்று சிரித்தார். குரலைத் தாழ்த்தக் கற்றதிலேயே பாதிக் காசு கழிந்துவிட்டது.

மதியம் தினமும் கேரட் பொரியல். எங்கள் மலைக் கேரட்டுக்கு ருசி உண்டு, பவரைக் குறைக்கும் சக்தியெல்லாம் கிடையாது.

பார்வையைச் சோதிக்கச் சுவரில் தொங்கியது ஒரே ஓர் எழுத்து அட்டை. காலையும் மாலையும் அதையே வாசித்தோம். நான்காம் நாள் எல்லாருக்கும் கூடுதலாக இரண்டு வரி தெரிந்தது, ஒரே கைதட்டல். கண் பரிசோதனை முகாமில் வரிசையில் நிற்கும்போதே எழுத்துகளை மனப்பாடம் செய்துவிடும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் வேறு எழுத்துகள் போட்ட அட்டையைக் கொண்டுபோய் மாட்டினேன். அந்த இரண்டு வரியும் போன இடம் தெரியவில்லை. தையல்கார அம்மாவின் வெள்ளெழுத்தும் அப்படியேதான் இருந்தது. ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடியைத்தான் தேடினார். பயிற்சியாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆறாம் நாள் நடந்தது எனக்குப் பிடிக்கவே இல்லை. மூடுபனி விலகியதும் மொட்டைமாடியில் நிற்கவைத்து, இமையை மூடி முகத்தில் வெயில் வாங்கச் சொன்னார்கள். சரி. அப்புறம் கண்ணைத் திறந்து இரண்டு விநாடி சூரியனைப் பார்க்கச் சொன்னார்கள்! விழித்திரை வெந்தால் வலிகூடத் தெரியாது. 7,000 அடி உயரத்தில் வெயிலுக்கு உறைப்பும் அதிகம். இதே ஊர் அப்சர்வேட்டரியில் 1901-இலிருந்து சூரியனைக் கவனிக்கிறார்கள், தொலைநோக்கி வழியே படம் பிடித்து. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற தையல்கார அம்மாவிடம் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ளச் சொன்னேன்.

கடைசி நாள் லேமினேட் செய்த சான்றிதழ் தந்தார்கள். மருத்துவ அங்கீகாரம் கிடையாது, பீரோவில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் தெருப்பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் பாமிங் சொல்லித்தருகிறேன். செல்போன் பார்த்துக் களைத்த கண்ணுக்கு இதமாக இருக்கிறதாம். முடிந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும்.

நீங்கள் சேர்வதாக இருந்தால் ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள், ஹாலில் குளிர் தாங்காது. வேறு எழுத்து போட்ட அட்டை ஒன்றும் பையில் இருக்கட்டும்.