மருந்து கலந்த இறால்: கடல்மீன் தொட்டியில் மூன்று வருட அனுபவம்

பவுடர் ப்ளூ டேங் என்ற கடல்மீன் என் தொட்டிக்கு வந்த மூன்றாவது வாரம். காலையில் நோரி (காய்ந்த கடற்பாசித் தாள்), மாலையில் இறால் என்று ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டது. ஆனாலும் வயிறு உள்வாங்கிக்கொண்டே போனது, முதுகுச் சதையும் ஒட்டிப்போனது. கழிவு பழுப்பாக உதிராமல் வெள்ளை நூலாகத் தொங்கியது. இரண்டு நாள் பட்டினி கிடந்த மீனுக்கும் கழிவு வெள்ளையாக வரும், அதை மட்டும் வைத்து மருந்து கொடுக்கக் கூடாது. நன்றாகச் சாப்பிட்டும் மீன் இளைக்கிறது, கழிவும் வெள்ளை நூல் என்றால்தான் குடலில் ஒட்டுண்ணி இருக்குமோ என்று நான் சந்தேகப்படுவேன்.

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில் இருப்பது 400 லிட்டர் தொட்டி. தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கழிவைத் தொட்டித் தண்ணீரோடு சின்ன டப்பாவில் உடனே கொண்டுபோனேன். நுண்ணோக்கியில் எனக்கும் காட்டினார். சாட்டை மாதிரி வாலை அடித்துக்கொண்டு ஓடும் ஒற்றைச்செல் உயிரிகள். அவற்றைக் கொல்ல மெட்ரோனிடசோல் என்ற மருந்தை எழுதிக் கொடுத்தார். சீட்டு இல்லாமல் வாங்கும் மருந்து இல்லை இது. தண்ணீரில் கரைத்துவிட்டால் குடலுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான், சாப்பாட்டில்தான் போக வேண்டும் என்றார்.

அளவு, ஒரு கிராம் உணவுக்கு 10 மில்லிகிராம். தொடர்ந்து 5 நாள். கணக்கு சுலபம், மருந்தை உணவோடு சேர்த்துக் கட்டுவதுதான் கஷ்டம். இந்த மருந்து தண்ணீரில் ஓரளவு கரையும். இறால் துண்டின் மேல் தூவிப் போட்டால் மீன் வாய் வைப்பதற்குள் பாதி தொட்டியில் போய்விடும். முதலில் ஜெலட்டின் வைத்துக் கட்டிப் பார்த்தேன். ஃப்ரிட்ஜில் கல் மாதிரி இருந்தது, நம் ஊர் வெயிலில் 29 டிகிரி இருக்கும் தொட்டிக்குள் போனதும் கொழகொழத்துப் பிரிந்துவிட்டது. அப்புறம் சமையலறையில் இருந்த கடல்பாசிக்கு (அகர் அகர்) மாறினேன். இந்த மூன்று வருடமும் அதேதான்.

40 கிராம் இறாலும் கணவாயும் மசித்து, கிண்ணத்தை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொள்வேன். குளிர்ச்சியாக இருந்தால் கடல்பாசி பட்டவுடனே கட்டி கட்டியாகிவிடும். 20 மில்லி தண்ணீரில் ஒரு கிராம் கடல்பாசியை நன்றாகக் கொதிக்கவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மசித்ததில் ஊற்றி, பொடித்த 200 மில்லிகிராம் மாத்திரை மூன்றையும் போட்டு வேகமாகக் கிளற வேண்டும். தட்டில் மெல்லிசாகப் பரப்பி, இறுகியதும் மீனின் வாய்க்கு ஏற்ற மாதிரி வெட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். குழந்தைகளுக்கான சிரப் வேண்டாம், அதில் சர்க்கரை இருக்கிறது.

மருந்து கடும் கசப்பு. டேங் முதல் நாள் வாயில் போட்டுத் துப்பியது. ஒரு பல் பூண்டை நசுக்கிச் சாறு சேர்த்தேன், காலை நோரியை நிறுத்தினேன். மறுநாள் மாலை எடுத்துக்கொண்டது. பூண்டே ஒட்டுண்ணியைக் கொல்லும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் பார்த்தவரை அது வாசனைக்கு உதவுகிறது, அவ்வளவுதான். ஐந்தாம் நாள் கழிவு பழுப்பாக விழுந்தது. ஒரு மாதத்தில் வயிறு நிரம்பியது. அந்த மீன் இன்றும் இருக்கிறது.

குடலில் இருக்கும் உருண்டைப் புழுக்களுக்கு ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்து. ஒரு கிராம் உணவுக்கு 2.5 மில்லிகிராம், 3 நாள், இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. இதில் ஒரு பெரிய தப்பு செய்தேன். பெரிய தொட்டியிலேயே கொடுத்தேன். மீன் விட்ட துணுக்குகள் பாறை இடுக்கில் தங்கின. அந்த வாரமே பாறையில் அழகுக்கு இருந்த, இறகு விசிறி போன்ற ஃபெதர் டஸ்டர் புழுக்கள் எல்லாம் செத்துப் போயின, நத்தைகளும் சில. அதற்குப் பிறகு மருந்துச் சாப்பாடு 60 லிட்டர் தனித்தொட்டியில் மட்டும்தான், வெறும் கண்ணாடி அடி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு பிவிசி குழாய்த் துண்டு. பத்து நிமிடத்தில் மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுவேன்.

இந்த முறையால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. பேட்டரி ஏர் பம்ப்பை வைத்துச் சமாளித்தேன். தொட்டிக்காகத் தேவனாம்பட்டினத்தில் எடுக்கும் கடல்நீரும் கெடிலம் வெள்ளம் கலந்து உப்பு குறைந்து கிடந்தது. அடுத்த பத்து நாளில் மீன்கள் மேல் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி. வழக்கம்போல மருந்து இறாலைக் கொடுத்து நாட்களைக் கடத்திவிட்டேன். இரண்டு க்ளவுன் மீன்கள் செத்தன. அந்த ஒட்டுண்ணி தோலிலும் செவுளிலும் புதைந்திருந்து, பிறகு உதிர்ந்து தொட்டி அடியில் பெருகுவது. குடலுக்குப் போகும் மருந்து அதைப் பிடிக்காது. மிச்ச மீன்களைத் தனித்தொட்டிக்கு மாற்றி, தண்ணீரில் காப்பர் (செம்பு) மருந்து விட்டு, டெஸ்ட் கிட்டில் தினமும் அதன் அளவைப் பார்த்தேன். ஒட்ட மீன் கிடைக்காமல் அந்த ஒட்டுண்ணி சாகட்டும் என்று பெரிய தொட்டியை 76 நாள் மீன் இல்லாமல் விட்டேன்.

இறாலை முதுநகர் துறைமுகத்தில் படகு வந்ததும் வாங்குகிறேன். "மீனுக்கா சார் இவ்ளோ நல்ல எறாலு?" என்று கேட்கும் அக்கா இப்போது சின்னதாகப் பார்த்துப் பொறுக்கித் தருகிறார். எவ்வளவு புதிதாக இருந்தாலும் ஒரு வாரம் ஃப்ரீசரில் உறைந்த பிறகுதான் தொட்டிக்குப் போகும், பச்சையாகப் போட்டால் புழுவையும் சேர்த்தே ஊட்டிவிடுவோம். இன்னொன்று, சாப்பாட்டுக்கு வளர்க்கும் மீனுக்கோ இறால் பண்ணைக்கோ மெட்ரோனிடசோல் தடை செய்யப்பட்ட மருந்து. அழகுமீன் தொட்டியைத் தாண்டி இந்த மருந்து போகவே கூடாது.

சாப்பிடாத மீனுக்கு இந்த வழி இல்லை. போன வருடம் வாங்கிய காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளை மீன் எதையுமே தொடாமல் பன்னிரண்டாம் நாள் போய்விட்டது. அதனால் இப்போது கடையில் என் கண் முன்னால் இறால் சாப்பிட்டால்தான் மீனை வாங்குகிறேன். தனித்தொட்டியில் இன்று ஒரு கோரல் பியூட்டி மீன் இருக்கிறது. மூன்று நாளாக மருந்தில்லாத கடல்பாசித் துண்டு கொடுத்துப் பழக்குகிறேன், நேற்று மாலை நான்கு துண்டு எடுத்தது.