ஃப்ரீயா வர்ற பார்சல் பாக்ஸ்: அட்டைய குறை சொல்ல முடியாது, ஆனா அந்த ஒட்டுற பட்டை இருக்கே…

புதுசா ஆன்லைன்ல விக்க ஆரம்பிச்சிருக்குற ஃப்ரெண்ட் ஒருத்தி, "பார்சல் சர்வீஸ்லயே பாக்ஸ், கவர் எல்லாம் ஃப்ரீயா தர்றாங்களாமே, அதையே வச்சு ஓட்டிடலாமா, இல்ல தனியா காசு குடுத்து வாங்கணுமா"ன்னு கேட்டா. ஆமா இல்லைன்னு ஒரு வார்த்தையில சொல்லிட முடியல. ஏன்னா இந்த ஃப்ரீ சாமான்கள நான் ரெண்டு வருஷத்துக்கு மேலயே தினமும் புழங்கிட்டு இருக்கேன், ரொம்பப் பிடிச்சதும் இருக்கு, பல்லக் கடிச்சிட்டு யூஸ் பண்றதும் இருக்கு, போன வாரம் வந்த ஒரு ரிட்டர்னுக்கு அப்புறம் கோபம்தான் கொஞ்சம் தூக்கலா இருக்கு. அதான் விவரமாவே எழுதிடறேன்.

நான் விக்கறது பெரும்பாலும் பீங்கான் கப், அப்புறம் கையால தைச்ச நோட்டுகள். அதனால பாக்ஸும் வேணும், கவரும் வேணும். ஃப்ரீக்கு என்ன கண்டிஷன்னு விக்கறவங்களுக்குத் தெரியும், அவங்க பாக்ஸ அவங்க சர்வீஸ்லதான் அனுப்பணும், உள்பக்கத்த வெளிய திருப்பி மடிச்சு வேற எதுலயாவது அனுப்பினா ஒத்துக்க மாட்டாங்க. அது நியாயம்தான், அதப் பத்தி எனக்குப் புகார் இல்ல.

முதல்ல அட்டை. இதுல குறை சொன்னா வாய் அழுகிடும். 3 பிளை அட்டை, ரெண்டு பக்கமும் தட்டையான தாள், நடுவுல அலையா மடிச்ச தாள். பாக்ஸோட ஓரத்த லேசா வெட்டிப் பாத்தீங்கன்னா அந்த அலை தெரியும், அதோட உயரம் சுமார் 3 மில்லிமீட்டர் இருந்தா பி வகை, 4 கிட்ட இருந்தா சி வகை, ஒன்றரைதான் இருக்குன்னா அது ஈ வகை, சின்னச் சின்ன கிஃப்ட் பாக்ஸுக்குப் போடறது. எனக்கு வர்றது பி. அடிப்பக்க மடிப்புல வட்டமா ஒரு முத்திரை அச்சடிச்சிருப்பாங்க பாருங்க, அதுல ஈசிடி 32ன்னு இருந்தா, அட்டைய நிமிர்த்தி நிறுத்தி மேல இருந்து அழுத்துறப்போ ஒவ்வொரு அங்குல விளிம்பும் 32 பவுண்டு தாங்குற அட்டைன்னு அர்த்தம். பாக்ஸ் மேல பாக்ஸ் அடுக்கறப்போ இதுதான் முக்கியம், அதுலயும் வெயிட்ட அதிகமா சுமக்கறது நாலு மூலைங்கதான், அதனால மூலை நசுங்கின பாக்ஸ எடுத்து ஓரமா வச்சிடுங்க, எவ்ளோ புதுசா இருந்தாலும் சரி. என் கப் பார்சல் எதுவுமே இதுவரைக்கும் பாக்ஸ் நசுங்கி உடைஞ்சதுன்னு வந்ததில்ல. கடையில காசு குடுத்து வாங்கின பாக்ஸ்ல கூட இந்த அட்டை கிடைக்கறது கஷ்டம், மறுசுழற்சி நாரையே திரும்பத் திரும்ப அரைச்சுப் போட்டு, தொட்டாலே பொத்துன்னு அமுங்குற அட்டையத்தான் பாதிப் பேர் விக்கறாங்க. ஒவ்வொரு தடவ அரைக்கறப்பவும் நார் குட்டையாகும், குட்டையாக ஆக பிடிமானம் போயிடும், அதான் காரணம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்த மூடி.

இந்த பாக்ஸ்ல மேல் மூடியோட ஓரத்துல ஒரு ஒட்டுற பட்டை இருக்கும், அதுக்கு மேல வழவழன்னு ஒரு பேப்பர், அத உரிச்சிட்டு மூடிய அழுத்தினா ஒட்டிக்கும், டேப்பே வேணாம். படிக்கறப்போ சூப்பரா இருக்கும். நிஜத்துல அந்த பேப்பர் சிலிகான் பூசினது, ஒரு இழுப்புல முழுசா வரணும், ஆனா இதுல ஓரத்துல புடிச்சு இழுக்க ஒரு நுனி கூட விடல, நகத்தாலதான் கிளப்பணும், கிளப்பினா பாதி தூரம் வந்து கோணலா கிழிஞ்சிடும். மிச்சப் பாதி நடுவுல ஒட்டிக்கிட்டு நிக்கும், அந்தக் கிழிஞ்ச முனைய மறுபடி சுரண்டணும், சுரண்டறப்போ விரல் பசையில படும், பட்ட இடத்துல பசை செத்துப் போச்சு. ஒரு பார்சல்னா பரவால்ல, மேசை மேல ஆர்டர் வரிசையா நிக்கறப்போ ஒவ்வொரு பாக்ஸுக்கும் இந்த நகச் சண்டை போட்டா மனுஷனுக்கு எப்படி இருக்கும்.

சரி உரிச்சாச்சு, ஒட்டியாச்சு, கையால தடவி அழுத்தியாச்சு. கச்சிதமா இருக்கும். மறுநாள் காலைல வந்து பாத்தா ஒரு மூலை லேசா வாயைத் திறந்திருக்கும்.

ஏன் இப்படின்னு ரொம்ப நாள் யோசிச்சேன், கூரியர் பார்சல்கள பிரிச்சு பிரிச்சுப் பாத்தேன், இப்போ ஓரளவு புரிஞ்சிருக்கு. இந்த மாதிரி பசைய ரெண்டு விதமா இழுக்கலாம். ஒட்டின ரெண்டு பரப்பும் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிப் போற மாதிரி பக்கவாட்டுல இழுத்தா அசையவே அசையாது. ஆனா ஓரத்துல இருந்து மேல் நோக்கி உரிக்கிற மாதிரி இழுத்தா சுலபமா விட்டுடும், ஏன்னா முழு பலமும் அந்த ஒரு கோட்டுல மட்டும் விழும். பாக்ஸ் மூடி இருக்கே, அது மடிப்புக் கோட்டுல மடிச்ச அட்டை, அதுக்கு எப்பவும் நிமிரணும்னு ஒரு உந்துதல் இருந்துட்டே இருக்கும். கெட்டி அட்டை ஆச்சே, நல்ல அட்டையா இருக்கறதாலதான் இன்னும் வேகமா நிமிரப் பாக்குது! அந்த உந்துதல் நேரா உரிக்கிற திசையில. ராத்திரி பூரா, வண்டியில போற நேரம் பூரா, விடாம மெதுவா உரிச்சிட்டே இருக்கு. மூடின வண்டிக்குள்ள வெயில் சூடு ஏறினா பசை இளகும், குளிர்ல ஒட்டினா முதல்லயே சரியா பிடிக்காது. போதாததுக்கு அட்டைய வெட்டுறப்போ வர்ற பொடி மூடி ஓரத்துல இருக்கும், விரல வச்சு இழுத்துப் பாருங்க, மாவு மாதிரி ஒட்டும், அந்தப் பொடி பசையில படிஞ்சா முடிஞ்சது கதை.

போன வாரம் நடந்தது இதான். கப்பும் சாஸரும் போன பார்சல், மூடி ஒரு பக்கம் முழுசா விட்டிருக்கு, பபிள் ரேப்போட சாஸர் எங்கயோ வழியில விழுந்துடுச்சு. கப் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கு, உடையாம. கஸ்டமர் திட்டல, ஃபோட்டோ அனுப்பி "பாக்ஸ் இப்படித்தான் வந்துச்சு"ன்னு மட்டும் எழுதியிருந்தாங்க. அந்த ஃபோட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன், அட்டையில ஒரு சுருக்கம் கூட இல்ல, மூலை நாலும் கூர்மையா அப்படியே நிக்குது, பசைப் பட்டை மட்டும் பளபளன்னு வெளிய தெரியுது, அதுல அட்டைப் பொடி சாம்பலா படிஞ்சிருக்கு. சாஸர் நான் ரெண்டு நாள் உக்காந்து கலர் குடுத்தது. பணத்த திருப்பிக் குடுத்துட்டேன். சர்வீஸ்ல சொன்னா "நன்றாக அழுத்தி ஒட்டவும்"னு பதில் வருது. அழுத்தாமலா ஒட்டுவாங்க?

இதுக்கு நான் இப்ப செய்யறத சொல்லிடறேன், ஏற்கனவே ஸ்டாக் வச்சிருக்கறவங்களுக்கு உதவும். பேப்பர உரிக்கறதுக்கு முன்னாடி மூடிய மடிப்புக் கோட்டுல ரெண்டு பக்கமும் நல்லா மடக்கி விடுங்க, வெளிப்பக்கமா முழுசா மடக்கி, மறுபடி உள்பக்கமா, அப்போ நிமிர்ற உந்துதல் நல்லா குறையும். ஓரத்துல இருக்கற பொடிய காய்ஞ்ச துணியால தொடைங்க. ஒட்டினப்புறம் நடுவுல இருந்து ரெண்டு ஓரத்துக்கும் கட்டை விரலால அழுத்தித் தேய்ங்க. அதுக்கு மேல டேப் கண்டிப்பா போடுங்க, நடு இணைப்புல ஒண்ணு, ரெண்டு ஓரத்துலயும் குறுக்கால ஒண்ணு ஒண்ணு, எல்லாமே பக்கச் சுவர்ல ரெண்டு மூணு அங்குலம் இறங்கற மாதிரி. இறங்கின பகுதியிலதான் டேப் பக்கவாட்டுல இழுபடும், அங்கதான் அதோட முழு பலமும். அதுலயும் தண்ணி தொட்டு ஒட்டுற பிரவுன் பேப்பர் டேப் கிடைச்சா அதையே வாங்குங்க, அந்தப் பசை அட்டை நாருக்குள்ள ஊறிப் பிடிக்கும், பிளாஸ்டிக் டேப் மேலோட்டமா ஒட்டறதுதான். பாக்ஸ தரையில, சுவர ஒட்டி அடுக்காதீங்க, அட்டை ஈரத்த இழுக்கும், நல்லா ஈரம் ஏறின அட்டையோட பலம் பாதி கிட்ட போயிடும், அதுல பசையும் ஒட்டாது.

இவ்ளோ செஞ்சா மூடி நிக்குது. ஆனா இவ்ளோ செய்யணும்னா டேப் வேணாம்னு சொல்லி அந்தப் பட்டை எதுக்கு?

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்சத சொல்றேன், கோபத்துல இத விட்டுட்டா பாவம். அந்த வெள்ளைக் கவர். பேப்பர் மாதிரி இருக்கும், கையால கிழிக்கவே முடியாது, உத்துப் பாத்தா மேல மெல்லிசா நூல் நூலா ஓடற மாதிரி தெரியும். அதான் டைவெக். டூபான்ட் கம்பெனியோட லேப்ல 1955ல ஒரு ஆராய்ச்சியாளர் குழாய்ல இருந்து வெள்ளையா பஞ்சு மாதிரி வர்றதப் பாத்து, அத நோண்டிப் போய்க் கண்டுபிடிச்சது, 1967ல விற்பனைக்கு வந்துச்சு. முழுக்க பாலிஎத்திலீன் நார், நெய்யறதில்ல, சூட்டுலயும் அழுத்தத்துலயும் ஒண்ணா இறுக்கறது. மழைத்தண்ணி உள்ள போகாது, ஆனா ஆவி வெளிய போகும், அதனால நோட்டு உள்ள புழுங்காது. நோட்டு அட்டையோட மூலை குத்திக் கிழிச்சிடுமோன்னு ஆரம்பத்துல பயந்து பயந்து அனுப்பினேன், இதுவரைக்கும் ஒண்ணு கூட கிழியல. எடையும் ஒண்ணுமே இல்ல. ஒருதரம் மழையில நனைஞ்சு, சேறு பூசி ஒரு ரிட்டர்ன் கவர் வந்துச்சு, தொடைச்சிட்டுப் பிரிச்சா உள்ள தாள் மொறுமொறுன்னு இருக்கு.

இதுல எனக்கு ஆறவே ஆறாத விஷயம் என்னன்னா, இந்தக் கவர்லயும் ஒட்டுற பட்டைதான் இருக்கு. பாத்தா அதே மாதிரிப் பசை. ஆனா ஒட்டினா ஒட்டினதுதான், திருப்பி எடுக்கணும்னா கவரத்தான் வெட்டணும். ஏன்னா கவர் மடிப்பு நிமிரப் பாக்காது, உள்ள இருக்கற சாமான் தள்ளினாலும் பக்கவாட்டுலதான் இழுக்கும், பரப்புலயும் அட்டைப் பொடி கிடையாது. மேல இருக்கற பேப்பருக்கும் ஓரத்துல ஒரு சின்ன வால் விட்டிருக்காங்க, புடிச்சு இழுத்தா ஒரே இழுப்புல வரும். அப்போ செய்யத் தெரியாம இல்ல. அதே ஆளுங்கதான் ரெண்டையும் தர்றாங்க, கவருக்கு யோசிச்சிருக்காங்க, பாக்ஸுக்கு யோசிக்கல. ஒரு வால் விடறதுக்கும், பட்டைய இன்னொரு வரிசை போடறதுக்கும் என்ன பெரிய செலவு ஆகிடப் போகுது?

மத்ததெல்லாம் சுருக்கமா. பபிள் வச்ச கவர் சுமார், ஓரத்துல பபிள் ஏற்கனவே காத்து போய் வருது, நகை, காதணி மாதிரி சின்னதுக்கு ஓகே, பீங்கானுக்கு வேணாம். லேபிள் போடற ஒட்டுப் பை நல்லா இருக்கு. சூட்டுல அச்சாகுற லேபிள் வச்சிருந்தா பார்சல வெயில்ல விடாதீங்க, கருத்துடும், பார்கோடு ஸ்கேன் ஆகாது.

சைஸ் மட்டும் கொஞ்சம் கவனிங்க. ஃப்ரீல நாலஞ்சு சைஸ்தான் வரும், உங்க சாமானுக்குச் சரியா இருக்கணும்னு இல்ல. எடை பாக்காம ஒரே கட்டணம் வாங்குற பாக்ஸா இருந்தா கவலையில்ல, மத்தபடி நிறைய சர்வீஸ்ல வால்யூமெட்ரிக் வெயிட் போடறாங்க, அதாவது பாக்ஸோட அளவ வச்சுக் கணக்குப் போடற எடை, நீளம் அகலம் உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுப்பாங்க. 30க்கு 25க்கு 15 பாக்ஸ்னா 2.25 கிலோ கணக்கு வரும், உள்ள இருக்கற கப் அரை கிலோ இருந்தாலும் சரி. அதே கப்ப 20க்கு 15க்கு 12 பாக்ஸ்ல போட்டா 0.72 கிலோதான். ஃப்ரீ பாக்ஸுக்காகக் காத்த சுமந்துட்டுப் போகக் காசு குடுக்காதீங்க.

கணக்குப் போட்டுப் பாத்தா, டேப் செலவு, என் நேரம் எல்லாம் சேர்த்தாலும் ஃப்ரீ பாக்ஸ்தான் இப்பவும் லாபம், அட்டையும் கடை அட்டைய விட ஒசத்தி, வீட்டு வாசல்லயே கொண்டு வந்து குடுக்கறாங்க. எல்லாம் தெரிஞ்சும் நான் பாக்ஸ் ஆர்டர நேத்து நிறுத்திட்டேன். இருக்கற கட்டு தீந்ததும் கடையில வாங்கற சாதா பாக்ஸுதான், எந்தப் பட்டையும் இல்லாதது, டேப்ப நானே போட்டுக்கறேன். ஒட்டும்னு சொல்லிட்டு ஒட்டாம போறத நம்பி இன்னொரு சாஸர அனுப்ப எனக்கு மனசு வரல. வெள்ளைக் கவர் மட்டும் எப்பவும் போல ரெண்டு கட்டு போட்டிருக்கேன், நோட்டு, துணி, படம்னு தட்டையா எது வித்தாலும் கண்ண மூடிட்டு அத எடுங்க. பாக்ஸ் வேணும்னா எடுத்துக்கோங்க, மேல ஒரு சுத்து டேப் போடாம மட்டும் வாசலத் தாண்ட விடாதீங்க.