மெடிசினுக்கு இரண்டாம் தடவை போடுகிற பிள்ளைகளின் பெற்றோருக்கு

லண்டனில் பிள்ளையை மெடிசினுக்குத் திரும்பப் போட இருப்பவர்கள் இதைத் தயவுசெய்து வாசியுங்கோ. நாங்கள் ஏமாந்த மாதிரி நீங்களும் ஏமாறக்கூடாது.

2024 ஒக்டோபரில் மகள் போட்ட நாலு பல்கலைக்கழகமும் கைவிரித்துவிட்டன. பிள்ளை மூலைக்குள் இருக்கவில்லை. வீட்டுக்குக் கிட்ட ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே மறதி நோய் வந்த ஒரு வயதான அம்மா, ஆர் தீத்தினாலும் வாய் திறக்க மாட்டாவாம். கரண்டியை அவவின் கையிலேயே பிடிக்க வைத்து, அந்தக் கையைக் கீழிருந்து தாங்கினால் நாலு வாய் இறங்கும் என்று மகள் வந்து சொல்லுவாள். அவள் டாக்டராக வருவாள் என்று நான் நம்பியது அன்றைக்குத்தான்.

தெரிந்தவர்கள் சொல்லி ஒரு ஆலோசனை நிலையத்துக்குப் போனோம். நடத்துபவர் எங்கட ஆள். "பழைய ஸ்டேட்மென்டைத் தாங்கோ அக்கா, புதுசாக்கித் தாறன்" என்றார். ஸ்டேட்மென்ட் என்றால் விண்ணப்பத்தோடு பிள்ளை தன்னைப் பற்றி எழுதும் கட்டுரை. 850 பவுண்ஸ் கட்டினேன். மெடிசினுக்குப் போடுகிறவர்கள் எழுதும் யூகேட் நுழைவுச் சோதனைக்கென்று ஒரு புத்தகமும் தலையில் கட்டினார். உருவங்களைப் பார்த்து விடை சொல்லும் பகுதியை 2025இல் சோதனையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அந்தப் புத்தகத்தில் அது பக்கம் பக்கமாகக் கிடந்தது.

பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் அமைப்பான யூகாஸின் படிவம் 2026 அனுமதிக்கு மாறிவிட்டது. முந்தி 4,000 எழுத்துக்குள் ஒரே கட்டுரை. இப்போது அதே 4,000க்குள் மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் படிப்பு, படித்தவை எப்படி உதவின, படிப்புக்கு வெளியே வேறென்ன செய்தாய். மூன்றாவது என் மகளிடமே கேட்டது போல இருந்தது. அவரோ பழைய கட்டுரையை மூன்று துண்டாக வெட்டி ஒட்டியிருந்தார். முதியோர் இல்லம் பற்றி ஒரு வரி இல்லை. பதிலாக, யாழ்ப்பாணத்தில் சலரோகத்தால் கால் எடுக்கப்பட்ட அம்மம்மா என்று ஒரு பந்தி. என்ர அம்மாவுக்குச் சலரோகமே இல்லை!

ஒக்டோபர் 15, மாலை ஆறு மணிதான் கடைசி. யூகாஸ் பாஸ்வேர்டை அவரிடம் கொடுத்திருந்தோம். அது பெரும் பிழை. நாலரைக்கு அனுப்பிவிட்டுத்தான் எங்களுக்குப் பிரதி போட்டார்.

சில கிழமையில் யூகாஸிலிருந்து மகளுக்கு மின்னஞ்சல்: உங்கள் எழுத்து இன்னொருவருடையதோடு ஒத்துப்போகிறது. வருகிற ஒவ்வொன்றையும் பழையவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறை அவர்களிடம் இருக்கிறது. பிடிபட்டால் போட்ட பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் அறிவிப்பார்கள். 2007இலேயே, எட்டாவது பிறந்தநாளில் கெமிஸ்ட்ரி செட்டோடு விளையாடி பைஜாமாவில் ஓட்டை விழுந்த ஒரே கதையை 234 பேர் எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தவர்கள். இந்த அம்மம்மா பந்தியை எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்தாரோ தெரியாது.

காசைத் திருப்பிக் கேட்டேன். "சொந்த எழுத்து என்று உறுதி கொடுத்தது உங்கட மகள்தானே அக்கா" என்று போனை வைத்துவிட்டார்.

பழைய ஸ்டேட்மென்டில் பிள்ளையின் சொந்த வரி நன்றாக இருந்தால் வைத்திருக்கட்டும். ஆனால் போன ஒரு வருடம் அதில் இல்லையென்றால் அனுப்ப விடாதீர்கள். பள்ளிக்கூடம் தரும் பரிந்துரையிலும் அந்த வருடத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கோ. யூகேட் புள்ளி சோதனை எழுதின வருட விண்ணப்பத்துக்கு மட்டும்தான், திரும்ப எழுதத்தான் வேணும். பாஸ்வேர்டை ஒருவருக்கும் கொடுக்காதீர்கள்.

மகள் நாலு பல்கலைக்கழகத்துக்கும் நடந்ததை ஒளிக்காமல் எழுதியிருக்கிறாள். இரண்டு இல்லை என்றுவிட்டன. மற்ற இரண்டின் பதிலுக்குக் காத்திருக்கிறோம். இன்றைக்கும் ஏழரை ஷிப்டுக்குப் போய்விட்டாள்.